மலையேறும் சைக்கிள் யாருக்குச் சொந்தம்?

காலை ஏழு மணி ஷிப்டுக்கு, கேரியரில் சாப்பாட்டுத் தூக்கைச் செருகிக்கொண்டு சைக்கிளில் போகிற தொழிலாளியை மைசூரில் யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. அதே சாலையில், தலையில் கவசமும் கையில் உறையும் அணிந்து, உதகை மலை ஏறப் புறப்பட்ட சைக்கிள்காரர் ஒருவர் வந்தால் நின்று பார்க்கிறோம். பத்திரிகையில் படம் வருகிறது. பூங்கொத்து கொடுத்து வழியனுப்புகிறார்கள். இருவரும் செய்வது ஒரே காரியம்தான். காலால் மிதித்துத் தன் உடலையும் வண்டியையும் முன்னே தள்ளுகிறார்கள். ஒருவருக்குக் கிடைப்பது கைதட்டல். மற்றவருக்குக் கிடைப்பது, "என்ன சார், இன்னுமா சைக்கிள்?" என்கிற கேள்வி.

இந்தக் கேள்வி வெளியாரிடமிருந்து மட்டும் வருவதில்லை. நம் வீட்டுக்குள்ளிருந்தே வருகிறது. அப்பா சைக்கிளில் வேலைக்குப் போவதைத் தோழர்களிடம் சொல்லக் கூசுகிற பிள்ளைகள் இருக்கிறார்கள். பதினெட்டு வயது நிறைந்ததும் தவணையில் மோட்டார் சைக்கிள் வாங்கித் தராவிட்டால் சோறு உண்ண மறுக்கும் பிள்ளைகளும் இருக்கிறார்கள். சைக்கிள் என்பது ஏழ்மையின் அடையாளம். சைக்கிளில் மலை ஏறுவது வசதி படைத்தவர்களின் பொழுதுபோக்கு. முதலாவதிலிருந்து எப்படியாவது தப்பிக்க வேண்டும், இரண்டாவது நமக்கு எட்டாது. இப்படி ஓர் எண்ணம் நம்மிடையே வேரூன்றி வருகிறது.

இந்த எண்ணம் தவறு என்பதே நம் கருத்து. மலைப் பயணம் நமக்கும் நம் பிள்ளைகளுக்கும் உரியது. அதற்கு வேண்டிய முதல் தகுதி பணமல்ல, பொறுமை. அந்தப் பொறுமை தினமும் சைக்கிள் மிதிக்கிற மனிதனிடம் ஏற்கெனவே இருக்கிறது.

நம் வாசலில் உள்ள மலைகள்

மலைப் பயணத்துக்கு மைசூரைப் போல வாய்ப்பான ஊர் தென்னாட்டில் அதிகமில்லை. நகரம் கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 770 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. நகரின் தலைமாட்டில் சாமுண்டி மலை. நகரத் தரையிலிருந்து சுமார் 300 மீட்டர் உயரம். மேற்கே ஏறத்தாழ 120 கிலோமீட்டர் போனால் 1,150 மீட்டர் உயரத்தில் மடிக்கேரி. தெற்கே ஏறத்தாழ 125 கிலோமீட்டரில், குண்டல்பேட்டை, பந்திப்பூர், மசினகுடி வழியாக 2,240 மீட்டர் உயரத்தில் உதகமண்டலம்.

இந்த மலைகள் நமக்குப் புதியவை அல்ல. ஈரோட்டுக்கும் கோவைக்கும் போகிறவர்கள் சாமராஜநகர் வழியாகச் சத்தியமங்கலம் பஸ்ஸில் ஏறி, திம்பத்தின் 27 கொண்டை ஊசி வளைவுகளையும் எண்ணிக்கொண்டே இறங்குகிறோம். மசினகுடியிலிருந்து உதகைக்கு ஏறும் கல்லட்டிப் பாதையில் 36 வளைவுகள். சொந்த மாநிலத்துக்குள் போனால் வால்பாறைக்கு 40, கொல்லிமலைக்கு 70. தமிழ்நாட்டுக்கும் மைசூருக்கும் நடுவே மலை இருக்கிறது. அந்த மலையைத் தாண்டித்தான் நம்மில் பலர் இங்கே பிழைக்க வந்தோம். ஆனால் பஸ் ஜன்னலில் தலையைச் சாய்த்து, எலுமிச்சம்பழத்தை முகர்ந்துகொண்டு கடந்தோமே தவிர, அந்த மலையை நம் காலால் அறிந்ததில்லை.

அறிந்தவர்கள் இருக்கிறார்கள். பெங்களூரைச் சேர்ந்த சைக்கிள் ஆர்வலர்கள் 2008ஆம் ஆண்டு 'டூர் ஆஃப் நீல்கிரீஸ்' என்ற பயணத்தைத் தொடங்கினார்கள். ஒரு வாரம், எட்டு நாள் என்று நீளும் அந்தப் பயணம் எண்ணூறு, தொள்ளாயிரம் கிலோமீட்டர் தூரம் நீலகிரியையும் அதைச் சுற்றியுள்ள மலைகளையும் தொட்டு வரும். மைசூர் பல ஆண்டுகளில் அதன் தங்குமிடமாக இருந்திருக்கிறது. கல்லட்டி ஏற்றத்தை எத்தனை நிமிடத்தில் ஏறினார் என்று கடிகாரம் வைத்துக் கணக்கிடுவார்கள். நாட்டின் பல பகுதிகளிலிருந்தும், வெளிநாடுகளிலிருந்தும் வருகிறார்கள். பாராட்டப்பட வேண்டிய முயற்சி. ஆனால் அதில் சேரக் கட்டணம் உண்டு; அவர்கள் ஓட்டும் வண்டிகளில் பல, நம் ஓராண்டுச் சம்பளத்தையும் விழுங்கக்கூடியவை. அதைப் பார்த்துத்தான், "இது நமக்கான சமாச்சாரம் இல்லை" என்று நாம் ஒதுங்கிக்கொள்கிறோம்.

ஒதுங்க வேண்டியதில்லை. ஏன் என்பதைக் கணக்கோடு பார்ப்போம்.

பணமல்ல, பல்சக்கரம்

நாம் வழக்கமாக ஓட்டும் கறுப்பு சைக்கிளில் முன் பல்சக்கரத்தில் 44 பற்கள், பின் பிரீவீலில் 18 பற்கள் என்று வைத்துக்கொள்வோம். பெடல் ஒரு முறை சுற்றினால் பின் சக்கரம் ஏறத்தாழ இரண்டரை முறை சுற்றும். வண்டி ஐந்து மீட்டருக்கும் அதிகமாக முன்னே போகும். சமதளத்தில் இது வசதி. ஏற்றத்தில் இதுவே தண்டனை. ஒவ்வொரு மிதிக்கும் உடல் எடை முழுவதையும் பெடலில் போட வேண்டியிருக்கிறது.

கியர் வைத்த சைக்கிளில் முன்னே 24 பல், பின்னே 32 பல் என்று மாற்றிக்கொள்ளலாம். அப்போது ஒரு சுற்றுக்கு வண்டி நகர்வது ஒன்றரை மீட்டர் அளவுதான். வேகம் நடைக்குச் சமமாகிவிடும். ஆனால் மிதி லேசாகும். மலை ஏறும் ரகசியம் இவ்வளவுதான். மலையின் உயரத்தைக் கியர் குறைப்பதில்லை. அந்த உயரத்தை நூறு சிறு துண்டுகளாக வெட்டி, ஒவ்வொன்றாக நம் கையில் தருகிறது. அடிமேல் அடி அடித்தால் அம்மியும் நகரும் என்று நம் பாட்டிமார் சொன்னதைத்தான் பல்சக்கரமும் சொல்கிறது.

இத்தகைய சாதாரணக் கியர் சைக்கிள் இன்று கடைகளில் கிடைக்கிறது. அதன் விலை, பிள்ளைக்காகத் தவணையில் வாங்கும் மோட்டார் சைக்கிளின் விலையில் ஒரு சிறு பங்குதான். பெட்ரோல் இல்லை, இன்ஷூரன்ஸ் இல்லை, மாதத் தவணை இல்லை.

இன்னொரு கணக்கு. சாமுண்டி மலையை ஐந்து முறை ஏறினால், மைசூரிலிருந்து உதகைக்கு உள்ள உயரத்தை ஏறியதற்குச் சமம். ஒரு ஞாயிற்றுக்கிழமை ஒரு முறை ஏறட்டும். இரண்டு மாதம் கழித்து இரண்டு முறை. ஓராண்டுக்குள் உடலுக்கு உதகையின் கணக்கு புரிந்துவிடும்.

மூன்றாவது கணக்கு நம் தொழிலாளர்களுக்கே தெரியாமல் அவர்கள் பெயரில் இருக்கிறது. வீட்டிலிருந்து வேலை செய்யும் இடத்துக்குப் பத்துக் கிலோமீட்டர். போக வர இருபது. மாதம் 25 நாள் வேலை என்றால் 500 கிலோமீட்டர். சைக்கிள்காரர்கள் வாழ்நாள் கனவாகச் சொல்கிற மணாலி-லே சாலையின் நீளமே 500 கிலோமீட்டருக்குக் குறைவுதான். அவர்கள் ஆயுளில் ஒரு முறை போகிற தூரத்தை நம் ஆள் மாதந்தோறும் போகிறார். சமதளக் கிலோமீட்டரும் மலைக் கிலோமீட்டரும் ஒன்றல்ல என்பது உண்மை. ஆனால் கால் அதே கால்தான்.

சாதாரண வண்டிகளின் சரித்திரம்

மலைப் பயணத்தின் சரித்திரத்தைப் புரட்டினால், அதை எழுதியவை விலையுயர்ந்த வண்டிகள் அல்ல என்பது தெரியும்.

பிரான்ஸ் நாட்டைச் சுற்றி நடக்கும் புகழ்பெற்ற சைக்கிள் பந்தயம் 1903ஆம் ஆண்டு தொடங்கியது. 1910இல் முதல் முறையாகப் பிரனீஸ் மலைத்தொடரின் உயர்ந்த கணவாய்களுக்குள் அதைக் கொண்டு போனார்கள். அன்று பந்தயக்காரர்களிடம் இன்றைய கியர் கிடையாது. ஓடிக்கொண்டே மாற்றக்கூடிய கியரை அந்தப் பந்தயத்தில் அனுமதித்ததே 1937இல்தான். அதுவரை சிறந்த வீரர்களும் செங்குத்தான இடங்களில் இறங்கி வண்டியைத் தள்ளிக்கொண்டு நடந்தார்கள். ஆகவே ஏற்றத்தில் இறங்கித் தள்ளுவது வெட்கம் என்று யாரும் நினைக்க வேண்டாம்.

1913ஆம் ஆண்டுப் பந்தயத்தில் நடந்த ஒரு சம்பவத்தைப் பட்டறையில் வேலை செய்கிறவர்கள் அவசியம் தெரிந்துகொள்ள வேண்டும். யூஜின் கிறிஸ்டோப் என்ற வீரர் முன்னணியில் இருந்தார். டூர்மாலே என்ற கணவாயிலிருந்து இறங்கும்போது அவருடைய சைக்கிளின் முன் போர்க் முறிந்துவிட்டது. வேறு வண்டி வாங்கக் கூடாது. பிறர் உதவியும் கூடாது. அவரவரே பழுது பார்க்க வேண்டும் என்பது அன்றைய விதி. உடைந்த வண்டியைத் தோளில் சுமந்து, பத்துக் கிலோமீட்டருக்கு மேல் மலைப் பாதையில் நடந்து, ஒரு கிராமத்துக் கொல்லன் பட்டறையை அடைந்தார். அதிகாரிகள் பார்த்துக்கொண்டிருக்க, தாமே இரும்பைக் காய்ச்சி அடித்துப் போர்க்கைச் சரிசெய்தார். இரண்டு கையும் இரும்பில் இருந்ததால், துருத்தியை ஊத ஒரு சிறுவன் உதவினான். அந்த உதவிக்காக அவருக்கு அபராத நிமிடங்கள் விதித்தார்கள்! அந்த ஆண்டுப் பந்தயத்தில் வென்றவரின் பெயர் இன்று எத்தனை பேருக்கு நினைவிருக்கிறதோ தெரியாது. கொல்லன் உலையில் நின்ற கிறிஸ்டோபின் பெயர் நிலைத்துவிட்டது. அந்த இடத்தில் நினைவுப் பலகை வைத்திருக்கிறார்கள்.

நம் நாட்டுக்கு வருவோம். 1923 அக்டோபரில் பம்பாயிலிருந்து ஆறு பார்சி இளைஞர்கள் உலகைச் சுற்றச் சைக்கிளில் கிளம்பினார்கள். அவர்களில் மூவர், ஆதி ஹக்கீம், ஜால் பாபசோலா, ருஸ்தம் பும்காரா, 1928 மார்ச்சில் உலகைச் சுற்றிவிட்டு ஊர் திரும்பினார்கள். பாலைவனமும் காடும் பனிமலையும் வழியில் இருந்தன. அன்று கியரும் இல்லை, செல்போனும் இல்லை.

1963இல் அயர்லாந்துப் பெண் டெர்வ்லா மர்ஃபி தன்னந்தனியாக ஐரோப்பாவிலிருந்து தில்லிக்குச் சைக்கிளில் வந்தார். ஆசியச் சாலைகளுக்குத் தாங்காது என்று, வண்டியில் இருந்த மூன்று கியரையும் புறப்படும் முன்பே கழற்றிவிட்டார். வண்டியின் எடை ஏறத்தாழ 17 கிலோ. நம் ஊர்ச் சைக்கிளுக்கு ரொம்பக் குறைவில்லை. ஆப்கானிஸ்தானத்து மலைகளையும், நாலாயிரம் மீட்டருக்கு மேல் உள்ள பாபுசர் கணவாயையும் அந்த வண்டியோடுதான் கடந்தார். மிதிக்க முடிந்த இடத்தில் மிதித்தார். முடியாத இடத்தில் தள்ளினார். அதுவும் முடியாத இடத்தில் தூக்கினார். பெண் பிள்ளைக்கு எதற்குச் சைக்கிள் என்று இன்னும் கேட்கிறவர்களுக்கு வேறு பதில் தேவையில்லை.

1977ஆம் ஆண்டு ஒரிசாவைச் சேர்ந்த பிரத்யும்ன குமார் மகானந்தியா தில்லியிலிருந்து சுவீடனுக்குப் புறப்பட்டார். தாழ்த்தப்பட்ட ஏழைக் குடும்பத்தில் பிறந்த ஓவியர். தில்லித் தெருவில் அமர்ந்து ஆட்களை வரைந்து பிழைத்தவர். தம்மிடம் ஓவியம் வரைந்துகொண்ட சுவீடன் நாட்டுப் பெண் ஒருவரை விரும்பினார். அவரைத் தேடிப் போக விமானத்துக்குப் பணம் இல்லை. 60 ரூபாய்க்குப் பழைய சைக்கிள் ஒன்று வாங்கினார். ஆப்கானிஸ்தானம், ஈரான், துருக்கி என்று கடந்து, சில இடங்களில் மட்டும் லாரியிலும் ரயிலிலும் ஏறி, நாலு மாதத்துக்குப் பின் போய்ச் சேர்ந்தார். அவர்கள் திருமணம் செய்துகொண்டு அங்கேயே வாழ்ந்தார்கள். 60 ரூபாய்ச் சைக்கிள் போன வழியில் நம் கறுப்பு சைக்கிள் போகாதா?

சாலை போட்டவர்கள் யார்?

இமயமலைக்கு வருவோம். மணாலி ஏறத்தாழ 2,000 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கிருந்து லே போகும் சாலையில் பாரலாச்சா, லாச்சுலுங், தங்லங் என்று ஒன்றன்பின் ஒன்றாகக் கணவாய்கள். தங்லங் கணவாய் 5,300 மீட்டர் உயரம்; உதகையைப் போல இரண்டு மடங்குக்கு மேல். அங்கே காற்றின் அழுத்தம் கடற்கரையில் உள்ளதில் ஏறத்தாழ பாதி. ஒரு மூச்சு இழுத்தால் கிடைக்கும் பிராணவாயுவும் பாதி.

அங்கே அவசரக்காரனுக்கு இடமில்லை. மூவாயிரம் மீட்டருக்கு மேலே போய்விட்டால், இரவு உறங்கும் இடத்தின் உயரத்தை ஒரு நாளைக்கு 500 மீட்டருக்கு மேல் கூட்டக் கூடாது. மூன்று நான்கு நாளைக்கு ஒரு முறை ஓய்வு வேண்டும் என்று மருத்துவர்கள் சொல்கிறார்கள். தலைவலி, குமட்டல், தூக்கமின்மை வந்தால் மேலே ஏறாமல் நிற்க வேண்டும். நின்றும் அதிகமானால் கீழே இறங்க வேண்டும். இதை மதிக்காத பயில்வான்களுக்கு நுரையீரலிலும் மூளையிலும் நீர் கோத்து உயிரே போயிருக்கிறது. உடல் பலம் இங்கே செல்லாக் காசு. மெதுவாகப் போகிறவனே போய்ச் சேருகிறான். உதகையின் உயரத்தில் இந்தத் தொல்லை வருவது அரிது. அங்கே காற்றழுத்தம் முக்கால் பங்குக்குக் குறையாமல் இருக்கிறது. ஆகவே கற்றுக்கொள்ள நீலகிரியே தகுந்த பள்ளிக்கூடம்.

லடாக்கில் சைக்கிள் ஓட்டியவர்களின் படங்களைப் பார்க்கிறோம். அந்தச் சாலையைப் போட்டவர்களின் படத்தைப் பார்ப்பதில்லை. 1960ஆம் ஆண்டு அமைக்கப்பட்ட எல்லைச் சாலை நிறுவனத்தின் கீழ், ஜார்க்கண்டிலிருந்தும் பீகாரிலிருந்தும் நேபாளத்திலிருந்தும் வந்த கூலித் தொழிலாளர்கள் கல் உடைத்து, தார் காய்ச்சி, பனிச்சரிவில் நின்று அந்தச் சாலையைப் போட்டார்கள், ஆண்டுதோறும் செப்பனிடுகிறார்கள். நம்மைப் போல ஊர் விட்டு ஊர் வந்து பிழைக்கிறவர்கள். மலைச் சாலை என்பது உழைப்பாளி கட்டியது. அதன் மீது சைக்கிள் ஓட்டுகிற மகிழ்ச்சி மட்டும் அவனுடையதல்ல என்று எந்தச் சட்டத்தில் எழுதியிருக்கிறது?

சொல்லப்படும் தடைகள்

"நாளெல்லாம் உழைத்துக் களைத்தவனுக்கு ஞாயிற்றுக்கிழமையும் மிதியா?" என்று சிலர் கேட்கக்கூடும். நியாயமான கேள்வி. ஓய்வு தேவைப்படுகிறவர் ஓய்வெடுக்கட்டும். ஆனால் மேஸ்திரியின் விசிலுக்காக மிதிப்பதும் தன் மனத்துக்காக மிதிப்பதும் ஒன்றல்ல. குமாஸ்தாவுக்கோ நாளெல்லாம் நாற்காலி; வயது நாற்பதானால் சர்க்கரையும் இரத்தக் கொதிப்பும் வாசலில் வந்து நிற்கின்றன. அவருக்கு மலை ஏற்றம் மருந்து. மருத்துவரிடம் ஒரு முறை உடலைக் காட்டிவிட்டுத் தொடங்குவது மட்டும் கட்டாயம்.

"ஆபத்து இல்லையா?" என்பது அடுத்த கேள்வி. இருக்கிறது. ஏற்றத்தில் இல்லை, இறக்கத்தில். ஏறும்போது களைப்புதான் எதிரி. இறங்கும்போது வேகம் எதிரி. பிரேக் கட்டை தேய்ந்த வண்டியோடு மலைக்குப் போவது தற்கொலைக்குச் சமம். புறப்படும் முன் ஓவர்ஹாலிங் செய்ய வேண்டும். ரிம்மில் கோட்டம் இருந்தால் எடுக்க வேண்டும். பிரேக் கம்பி, செயின், டயர் எல்லாம் பார்க்க வேண்டும். இறக்கத்தில் பிரேக்கை விடாமல் அழுத்திக்கொண்டே வந்தால் ரிம் சூடேறும்; விட்டு விட்டு, முன்னும் பின்னும் மாற்றி மாற்றிப் பிடிக்க வேண்டும். வளைவுக்குள் நுழையும் முன்பே வேகத்தைக் குறைக்க வேண்டும். மழையில் ரிம் நனைந்தால் பிரேக் பிடிக்கத் தாமதமாகும். தலைக்கவசம் இல்லாமல் மலைப் பக்கம் தலை வைத்துப் படுக்கக் கூடாது. கல்லட்டிப் பாதையில் 2018ஆம் ஆண்டு நடந்த கோர விபத்துக்குப் பின், வெளியூர் வண்டிகள் அதில் இறங்கக் கட்டுப்பாடு விதித்தார்கள். ஏறிய வழியே இறங்கத் தகுந்த வழி என்று நினைக்கக் கூடாது. கூடலூர் வழி சுற்று என்றாலும் சரிவு குறைவு.

காட்டைப் பற்றியும் சொல்ல வேண்டும். பந்திப்பூரும் முதுமலையும் புலிகள் காப்பகங்கள். பந்திப்பூர்ச் சாலையில் 2009ஆம் ஆண்டு முதல் இரவு ஒன்பது மணியிலிருந்து காலை ஆறு மணி வரை போக்குவரத்துத் தடை இருக்கிறது. பகலிலும் யானை குறுக்கே வரும். யானைக்கு மோட்டார் ஓசை பழகியிருக்கலாம். ஓசையில்லாமல் வரும் சைக்கிள் பழக்கமில்லை. தனியாகச் சைக்கிளில் அந்தக் காட்டுக்குள் போவது வீரமல்ல, விவேகமின்மை. வனத்துறையிடம் கேட்டு, அவர்கள் சொல்கிறபடி நடக்க வேண்டும். வேண்டாம் என்றால் அந்தத் தூரத்துக்குச் சைக்கிளை வண்டியில் ஏற்றிக் கடப்பதில் கௌரவக் குறைவு ஏதுமில்லை. புலிகள் காப்பகத்தைக் கடக்காமல் மலை ஏற வேண்டுமானால் ஹுன்சூர், குஷால்நகர் வழியாக மடிக்கேரி இருக்கிறது.

செய்ய வேண்டியவை

குறை சொல்லி நிறுத்துவது நம் நோக்கமல்ல. இங்கே நம்மவர்களின் சங்கங்கள் இருக்கின்றன. பொங்கல் விழாவும் பட்டிமன்றமும் நடத்துகின்றன, நல்லது. அதோடு, சங்கத்துக்கு இரண்டு மூன்று கியர் சைக்கிள்கள் வாங்கி வைக்கட்டும். புத்தகம் இரவல் கொடுப்பது போல வாரத்துக்கு ஒருவருக்குக் கொடுக்கட்டும். தனித்தனியாக வாங்க முடியாத பத்துக் குடும்பத்துப் பிள்ளைகளும் ஓட்டுவார்கள். முதலில் ஸ்ரீரங்கப்பட்டினம், நஞ்சன்கூடு; பிறகு சாமுண்டி மலை; அடுத்து, இடையில் ஓரிரவு தங்கி மடிக்கேரி; அதற்குப் பின் நீலகிரி. கட்டுச்சோறும் கடலை மிட்டாயும் வாழைப்பழமும் உப்புப் போட்ட மோரும் போதும். விலையுயர்ந்த பாட்டில் பானங்கள் தேவையில்லை.

அந்தப் பயணங்களில் கன்னட நண்பர்களையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். 1991இலும் 2016இலும் காவிரிப் பிரச்சினையில் இரு மாநிலங்களுக்கிடையே பஸ்கள் நின்றதை நாம் மறக்கவில்லை. ஆத்திரமான நாட்களில் அக்கம்பக்கத்தைக் காப்பது, சாதாரண நாட்களில் சேர்ந்து வியர்த்த பழக்கம்தான். சைக்கிளில் போகிறவன் ஒவ்வொரு ஊர் டீக்கடையிலும் நின்று, நாலு வார்த்தை அந்த ஊர் மொழியில் பேசாமல் போக முடியாது. எல்லையின் இருபுறமும் ஏற்றம் ஒரே ஏற்றம்தான்.

தொழிற்சங்கங்கள் கிரிக்கெட், கபடிக்குக் கேட்கும் சலுகையைச் சைக்கிள் பயணத்துக்கும் கேட்கலாம். ஆண்டுக்கு இரண்டு நாள் விடுமுறை பெரிய கோரிக்கை அல்ல. தொழிற்சாலை வாசலில் காருக்கு நிழற்கூரை இருக்கிறது; சைக்கிளுக்கும் ஒன்று வேண்டும்.

மாநகராட்சிக்கும் ஒரு வார்த்தை. 2017ஆம் ஆண்டு 450 சைக்கிள்களோடு 'டிரின் டிரின்' என்ற பொதுச் சைக்கிள் திட்டத்தைத் தொடங்கி, நாட்டுக்கே முன்மாதிரி என்று பெயர் வாங்கிய நகரம் இது. அந்தப் பெயர் நிலைக்க வேண்டுமானால், வேலைக்குச் சைக்கிளில் போகிறவருக்கு லாரியும் பஸ்ஸும் உரசாத ஓரம் வேண்டும். மலைக்குப் போகும் நூறு பேருக்குக் கொடி அசைத்தால் போதாது. ஷிப்டு முடிந்து இரவு பத்தரைக்கு விளக்கில்லாத சாலையில் வீடு திரும்புகிறவரும் அதே சைக்கிள்காரர்தான்.

கடைசியாக, பெண் பிள்ளைகள். 2001-02ஆம் ஆண்டு தமிழ்நாட்டில் ஆதிதிராவிட, பழங்குடி மாணவிகளுக்குத் தொடங்கிய விலையில்லாச் சைக்கிள் திட்டம் பிறகு மற்ற மாணவ மாணவியருக்கும் விரிந்தது. அதற்கும் முன்பே, 1990களின் தொடக்கத்தில் அறிவொளி இயக்கத்தோடு சேர்ந்து புதுக்கோட்டை மாவட்டத்துக் கிராமப் பெண்கள் ஆயிரக்கணக்கில் சைக்கிள் கற்றார்கள். கல் குவாரியில் வேலை செய்தவர்களும் கற்றார்கள். ஊரே சிரித்தது, பிறகு பழகிவிட்டது. நம் அக்கா தங்கைகள் அங்கே செய்ததை நம் பெண்கள் இங்கே மலை வரை கொண்டு போகலாம்.

குரங்குப் பெடல் போட்டுக் கற்றுக்கொண்ட தலைமுறை நாம். வாடகைச் சைக்கிளுக்கு மணிக்கணக்கில் காசு கொடுத்து, முட்டி தேய்ந்து, கற்றது அந்த வித்தை. அதை வைத்துத்தான் இந்த ஊரில் வேலைக்குப் போனோம், பிள்ளைகளைப் பள்ளிக்கு ஏற்றிச் சென்றோம், வாடகை கட்டினோம். அது வெட்கப்பட வேண்டிய சரித்திரம் அல்ல. அந்தச் சைக்கிள் மலையும் ஏறும் என்று பிள்ளைகளுக்குக் காட்டிவிட்டால், "இன்னுமா சைக்கிள்?" என்ற கேள்விக்கு நாம் பதில் சொல்ல வேண்டியிராது. அவர்களே சொல்வார்கள்.